பத்து நிமிஷ நீதிபதி

"பொண்ணு எங்கிட்டதான் இருப்பா. நீங்க வீட்டுக்கு வர்றதே அவ தூங்கினப்புறம்" என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி மேசையின் இந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

"உன் கடையிலேயே வளர்றதுக்கு அவ என்ன கண்ணாடி ஃப்ரேமா?" என்று லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் அந்தப் பக்கமிருந்து கத்தினான்.

நீதிபதி அம்மா கையை உயர்த்தினார். "பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, நாற்காலிக்குப் பின்னால் இருந்த கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

வக்கீல்கள் இருவரும் சிரித்துக்கொண்டே டீ குடிக்கக் கிளம்பினார்கள். அவர்களுக்கு இது பழக்கம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மூத்த நீதிபதி மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். மேல் கோர்ட்டிலிருந்து அவர் வந்ததே இதைப் பார்க்கத்தான்.

குடும்ப கோர்ட்டில் அம்மாவுக்குப் 'பத்து நிமிஷம்' என்றே பேர். சண்டை சூடு பிடிக்கும் நேரத்தில் சட்டென்று எழுந்து போய்விடுவார். திரும்பி வரும்போது பாதிப் பேர் இறங்கி வந்திருப்பார்கள். ஒரே வருஷத்தில் நாற்பத்திரண்டு ஜோடிகள் வழக்கை வாபஸ் வாங்கியிருந்தார்கள்.

"முன்னெல்லாம் இப்படி இல்ல சார்" என்று பெஞ்ச் கிளார்க் மூத்த நீதிபதியின் காதருகே குனிந்தார். "காலைல உக்காந்தா மதியம் வரைக்கும் அசைய மாட்டாங்க. அப்புறம் வரிசையா நாலு தடவை காய்ச்சல்னு லீவு போட்டாங்க. நாலாவது தடவை திரும்பி வந்ததுலேர்ந்துதான் இந்த முறை. படுத்துக் கெடந்தப்ப குடும்ப வாழ்க்கையைப் பத்தி ஆழமா யோசிச்சிருக்காங்க."

மூத்த நீதிபதி அதையும் எழுதிக்கொண்டார். கிளார்க் நீட்டிய தண்ணீர் பாட்டிலைக் கையாலேயே தள்ளினார்.

"வேலை நேரத்துல நான் குடிக்கிறதில்ல. முப்பத்தொரு வருஷம். ஒரு நாள்கூடப் பாதியில எழுந்ததில்ல."

வெளியே தாழ்வாரத்தில் ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது. கணவனும் மனைவியும் அதன் இரண்டு முனைகளில் உட்கார்ந்து ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவது நிமிஷம் அவன்தான் வாயைத் திறந்தான்.

"திங்கட்கிழமை அவளுக்குப் பல்லுக்குக் கம்பி போடணுமே. டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டியா?"

"நீங்க வாங்கிட்டீங்கன்னு நினைச்சேன்."

"நீ வாங்கிட்டேன்னு நான் நினைச்சேன்."

பல் டாக்டரின் நம்பர் அவளுக்கு மனப்பாடம். சார்ஜ் இருந்தது அவன் போனில். கிளார்க் வந்து கூப்பிட்டபோது இரண்டு பேர் காதும் ஒரே போனில் ஒட்டியிருந்தன.

"ஒரு மாசம் டைம் வேணும் மேடம்" என்றான் அவன், உள்ளே வந்ததும்.

"பல்லு வேலை முடியட்டும்" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

நீதிபதி அம்மா தேதி போட்டுக் கொடுத்தார். மூத்த நீதிபதி தன்னை மறந்து கை தட்டப் போய், கோர்ட் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

மதியம் அம்மாவின் அறையில், தட்டச்சு செய்த தாள்களை மூத்த நீதிபதி மேசைமேல் பரப்பினார்.

"கோபத்தோட உச்சியைச் சரியாப் பிடிச்சு, அந்த நொடியில ரெண்டு பேரையும் விட்டுட்டு எழுந்து போறீங்க பாருங்க, அங்கதான் இருக்கு விஷயம். எல்லாக் குடும்ப கோர்ட்டுக்கும் சுற்றறிக்கை அனுப்பப் போறேன். நீங்களே யோசிச்சுக் கண்டுபிடிச்ச முறைன்னு இங்க ஒரு கையெழுத்து போடுங்க. உங்க பதவி உயர்வு ஃபைலும் என் மேசையிலதான் இருக்கு."

அம்மா பேனா மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார்.

லீவு கடிதத்தில்கூடக் 'காய்ச்சல்' என்று மட்டும் எழுதியவர் அவர். வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது. ஆனால் பொய்ச் சாட்சிக்காரர்களை எத்தனையோ முறை எச்சரித்து அனுப்பியவர், இந்தத் தாளில் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

"நான் எதையும் கண்டுபிடிக்கல சார்" என்றார். காது சிவந்திருந்தது. "எனக்குச் சிறுநீர்த் தொற்று. மாத்திரை சாப்பிட்டா போகும், ரெண்டு மாசத்துல திரும்ப வரும். நாலாவது தடவை கிட்னி வரைக்கும் ஏறி, ஆஸ்பத்திரியில படுத்துட்டேன். தண்ணி குடிக்காம, மணிக்கணக்கா அடக்கிட்டு உக்காந்தா வராம என்ன செய்யும்னு டாக்டரம்மா திட்டினாங்க. நாள் முழுக்கத் தண்ணி குடிக்கணும், மாத்திரையைப் பாதியில நிறுத்தக் கூடாது, வந்தா அடக்கவே கூடாதுன்னு கண்டிஷன். அதுலேர்ந்து ஒரு தடவைகூட வரல."

மூத்த நீதிபதி தாளைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "அப்ப அந்த உச்சி?"

"குடும்ப கோர்ட்ல எப்ப எழுந்தாலும் அதுதான் உச்சி சார். நான் பாத்ரூம் போயிட்டு வருவேன், அவ்வளவுதான்."

மூத்த நீதிபதி சுற்றறிக்கையை நாலாக மடித்துப் பையில் வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வாங்கிக் கட்டிக்கொள்ள அம்மா தயாரானார்.

அவர் திரும்பி வந்து, நாற்காலியின் நுனியில் ஜாக்கிரதையாக உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த டாக்டரம்மா ஆம்பளைங்களையும் பாப்பாங்களா?"