கூப்பிடாத சாட்சி

"செட்ரிக்குக்காக நீங்க ஒழுங்கா வேலை செஞ்சீங்களா, மிஸ்டர் ப்ரூயிட்?" என்று கேட்டாள் செட்ரிக்கின் புது வக்கீலம்மா.

"இல்லை."

ஃபெடரல் கோர்ட்டின் சாட்சிக் கூண்டில் இருந்த கிழட்டு வக்கீல் பட்டென்று சொன்னார். முன்வரிசையில் இருந்த வெர்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்! அவள் தம்பி செட்ரிக் பதினாறு வருஷமாக மிசிசிப்பிச் சிறையில் கிடக்கிறான்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு கடைக்காரரை யாரோ சுட்டுக் கொன்றார்கள். பழி செட்ரிக் தலையில் விழுந்தது. அந்த நேரத்தில் அவன் பார்பர் கெய்ன்ஸின் கடையில் முடி வெட்டிக்கொண்டிருந்தான். கெய்ன்ஸ் வந்து சொல்லியிருந்தால் போதும். அன்றைக்கு வழக்கை நடத்திய ப்ரூயிட் அவரைக் கூப்பிடவே இல்லை.

மாநிலக் கோர்ட்டுகள் எல்லாம் கையை விரித்துவிட்டன. மிஞ்சியது மத்திய அரசின் இந்த ஃபெடரல் கோர்ட் ஒன்றுதான்.

"பழைய வக்கீல் கோட்டை விட்டார்னு நிரூபிச்சாத்தான் இங்க வழி பிறக்கும். 'யோசிச்சுத்தான் அந்தச் சாட்சியை விட்டேன்'னு அவர் சொல்லிட்டா, கதை முடிஞ்சுது" என்று புது வக்கீலம்மா முதலிலேயே எச்சரித்திருந்தாள்.

அரசு வக்கீல் எழுந்தார். குரலில் தேன் வழிந்தது.

"சார், நீங்க பழம் தின்னு கொட்டை போட்டவர். பார்பர் சாட்சி எடுபடாதுன்னு கணக்குப் போட்டுத்தான் விட்டிருப்பீங்க. அப்படித்தானே?"

ப்ரூயிட் கௌரவமாகத் தப்பிக்க நல்ல வழி. வெர்லின் கைக்குட்டையை முறுக்கினாள்.

"கணக்கும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்றார் ப்ரூயிட். "சம்மன் அனுப்பியாவது அவரைக் கொண்டுவந்திருக்கணும். அனுப்பலை. தப்பு என்னோடது."

அடுத்து கெய்ன்ஸ் வந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் கோட்டு, நரைத்த தலை.

"பையன் என் நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தான். ஈஸ்டர் கூட்டம், கால் வைக்க இடமில்லை. பாதிக் கிராப்புல எங்கேயும் எழுந்து போயிருக்க முடியாது."

"இதை ஏன் அப்பவே கோர்ட்டுல சொல்லலை?" என்று மடக்கினார் அரசு வக்கீல்.

"எனக்கு சம்மன் வரலை, சார்."

இடைவேளையில் வெர்லின் ப்ரூயிட்டை வழிமறித்தாள்.

"இத்தனை வருஷம் ராத்திரியில எப்படிய்யா தூங்கினே?"

அவர் தொப்பியைக் கழற்றினார். "தூங்கலைம்மா."

"உன் பேரு பேப்பர்ல நாறணும்."

"நாறும்மா" என்று சொல்லிவிட்டு மெல்லப் படியிறங்கிப் போனார்.

அப்படியே நாறியது. நீதிபதி தண்டனையை ரத்து செய்தார். மறுபடி வழக்கு நடத்த அரசுக்குத் தெம்பில்லை. செட்ரிக் வீட்டுக்கு வந்தான். ப்ரூயிட் வாசலில் மாட்டியிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்.

சர்ச் ஹாலில் விருந்து வைத்தார்கள். பொரித்த மீன், வேகவைத்த கீரை, சோள ரொட்டி. முதல் தட்டு கெய்ன்ஸுக்கு. வந்தவர்கள் எல்லோரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

"ப்ரூயிட்டையும் கூப்பிட்டிருக்கலாம், அக்கா" என்றான் செட்ரிக்.

"வாயை மூடிட்டுச் சாப்பிடு. உன்னைக் குழியில தள்ளினவனுக்கு இலை வேற போடணுமா?"

கெய்ன்ஸ் மட்டும் தட்டில் கை வைக்கவில்லை.

"என்ன மாமா, மீன் ஆறிப்போகுதே?"

அவர் தட்டை நகர்த்தி வைத்தார். "வெர்லின், அந்த மனுஷன் என் கடைக்கு வந்தாரு. ஒரு தடவை இல்லை, மூணு தடவை."

"எப்போ?"

"பதினாறு வருஷம் முந்தி. கடைக்குப் பின்னால அறையில அப்போ நான் சூதாட்டம் நடத்திக்கிட்டிருந்தேன். கோர்ட்டுக்கு வந்தா போலீஸ் கடையைக் குடையும்னு பயம். வரமாட்டேன்னுட்டேன். கெஞ்சினாரு. 'சம்மன் அனுப்பினா, பையன் என் கடைப்பக்கமே வரலைன்னு சத்தியம் பண்ணிடுவேன்'னு மிரட்டினேன். அதுக்குப் பயந்துதான் அவர் சம்மன் அனுப்பலை."

வெர்லின் கரண்டியை மேஜைமேல் வைத்தாள்.

"இதை ஏன் அவர் கோர்ட்டுல சொல்லலை?"

கெய்ன்ஸ் செட்ரிக்கைப் பார்த்தார். அவன் இரண்டாவது ரொட்டியை எடுத்துக்கொண்டிருந்தான்.

"சொல்லியிருந்தா, யோசிச்சுத்தான் சாட்சியை விட்டார்னு ஆகியிருக்கும். அவர் பேரு தப்பிச்சிருக்கும்மா. உன் தம்பி உள்ளேயே கிடந்திருப்பான்."