படிவத்தில் ஒரு பொய்

‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டாள்.

ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி உண்டா என்று படிவம் கேட்டிருந்தது.

இதற்கு முன் போன இரண்டு இடங்களிலும் உண்மையை எழுதியிருந்தாள். ஒரு பல் டாக்டர், அதற்கான வசதி இங்கே இல்லை என்றார். இன்னொருவர், எல்லோரும் போகட்டும் என்று மதியம்வரை உட்காரவைத்தார். பிறகு நாற்காலி முழுக்கச் செய்தித்தாள் விரித்து, எட்ட நின்று பார்த்து, மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

பதினோரு நாளாகக் கடைவாய்ப் பல் தூங்கவிடவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். முந்தைய நோயாளி அப்போதுதான் எழுந்து போயிருந்தார்.

கொஞ்சம் நில்லுங்கக்கா என்றாள் உதவிக்கு இருந்த பரிமளா.

நின்றாள். பார்த்தாள்.

நாற்காலியின் பிளாஸ்டிக் உறைகளை உருவிக் குப்பையில் போட்டாள் பரிமளா. கைப்பிடி, விளக்கின் பிடி, பொத்தான்கள் எல்லாவற்றையும் மருந்தில் நனைத்த துணியால் துடைத்தாள். ஈரம் காயும்வரை சும்மா நின்றாள். புது உறை மாட்டினாள். கையுறையைக் கழற்றி, கை கழுவி, வேறு கையுறை போட்டாள். கிருமி போக நீராவியில் வேகவைத்த கருவிகள், வாய் ஒட்டிய பைக்குள் இருந்தன. கண்ணெதிரே கிழித்து வைத்தாள்.

இவளிடமா பொய் சொன்னோம்?

அவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும் டாக்டர் ரஹீமா ஊசியோடு வந்தார்.

அவள் வாயைத் திறக்கவில்லை. பிறகு திறந்தாள்.

“டாக்டர், எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கு. நாலு வருஷமா. படிவத்துல மாத்தி எழுதிட்டேன்.”

எழுந்து போவதற்காக ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டாள்.

கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தது என்று டாக்டர் கேட்டார். போன மாத ரிப்போர்ட் கைப்பையில் இருந்தது. வாங்கி நிதானமாகப் படித்தார்.

“சொன்னது நல்லதும்மா. மருந்தைப் பார்த்துக் குடுக்கணும்ல. மத்தபடி யார் வந்தாலும் இங்க இதே சுத்தம்தான். சாஞ்சுக்குங்க.”

சாய்ந்தாள்.

ரத்ததான முகாமில் தெரியவந்த நாளிலிருந்து வீட்டில் அவளுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். கணவர் தடுப்பூசி போட்டுக்கொண்டார். அப்படியும் ஹாலில்தான் படுக்கிறார். தொட்டால் ஒட்டாது என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னதை அவளும் நாலைந்து முறை சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். நாத்தனார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

பல் வந்துவிட்டது.

பஞ்சை வைத்து, அழுத்திக் கடிச்சுக்குங்க, பேச வேண்டாம் என்றார் டாக்டர். கை கழுவப் போனார்.

பரிமளா குனிந்து, இடது கன்னத்தில் வழிந்திருந்த ரத்தத்தைத் துடைத்தாள். மோவாயைத் துடைத்தாள். அவசரமில்லாமல்.

மரத்துப்போன பக்கம் அது.

கை அசைவது கண்ணுக்குத் தெரிந்தது. கன்னத்துக்குத் தெரியவில்லை.

அவள் விரலைத் தூக்கி, மரக்காத வலது கன்னத்தைக் காட்டினாள்.

பரிமளா எட்டிப் பார்த்தாள்.

அங்கே ஒன்றும் இல்லை.

புதுப் பஞ்சு ஒன்றை எடுத்து, தண்ணீரில் நனைத்து, துடைத்துவிட்டாள்.