கொடியைத் தொட ஆறடி

லோவல் வியர்த்த கைகளால் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தான். அயோவாவில் நடக்கும் மாவட்டக் கண்காட்சியின் டிராக்டர் இழுவைப் போட்டியில் கடைசி ஆள் அவன்தான். எடை ஏற்றிய வண்டியை அதிக தூரம் இழுப்பவருக்கே கோப்பை.

"பயப்படாதீங்க. முன் சக்கரம் தூக்குச்சுன்னா சட்டுனு வேகத்தைக் குறைச்சிடுங்க. உயிரைவிடவா கோப்பை பெருசு?" என்றாள் மனைவி மார்லிஸ்.

அவன் பயம் அதுவல்ல. எழுபது வருஷத்துப் பழைய டிராக்டருக்குள், அறுவடை இயந்திரத்திலிருந்து கழற்றிய பெரிய எஞ்சின் ஒளிந்திருந்தது. பழைய வண்டிக்குப் பழைய எஞ்சின்தான் என்பது இந்தப் பிரிவின் சட்டம். பதினோரு வருஷமாகக் கடைசி இடம். "உன் வண்டி சவ ஊர்வலத்துக்குத்தான் லாயக்கு" என்று காபிக் கடையில் கேட்டுக் கேட்டு மனிதனுக்குப் புத்தி கெட்டுவிட்டது.

வண்டிகளைச் சோதிப்பவர் வேறு யாருமில்லை, மாமனார் ஆரின்தான். "ஜெயிக்கிற வண்டியை மட்டும் திறந்து அளப்பேன். அது தேறலைன்னா அடுத்த இடத்து வண்டியைத் திறப்பேன். மாட்டினவன் என் மாப்பிள்ளையா இருந்தாலும் ஆயுசுக்கும் இந்தக் களத்துல கால் வைக்க முடியாது" என்று காலையிலேயே மைக்கில் முழங்கியிருந்தார்.

ஆகவே லோவலுக்கு வேண்டியது இரண்டாம் இடம். மானமும் மிஞ்சும், எஞ்சினையும் யாரும் திறக்க மாட்டார்கள்.

வருஷாவருஷம் ஜெயிக்கும் கிளாரன்ஸின் வண்டி இன்று பாதியிலேயே கிளட்ச் புகைந்து நின்றுவிட்டது. இப்போது முதலில் இருப்பவர் பாஸ்டர் டில்டன். எடை வண்டியை அவர் இழுத்து நிறுத்திய தூரத்தில் மஞ்சள் கொடி நட்டிருந்தார்கள். மூன்று வருஷமாக இரண்டாவதாகவே வந்தவர். பாவம், ஒருமுறை ஜெயிக்கட்டுமே என்று நினைத்தான் லோவல்.

அவரே வந்து அவன் கையைப் பிடித்தார். அவர் உள்ளங்கையும் வியர்த்திருந்தது.

"தம்பி, இன்னைக்கு நீதான் ஜெயிக்கணும். முழு மூச்சா இழு. உனக்காக முழங்கால் போட்டு ஜெபிக்கிறேன்."

எப்பேர்ப்பட்ட மனசு! லோவலுக்குக் கண் கலங்கிவிட்டது.

பச்சைக் கொடி அசைந்தது. எஞ்சின் உறுமிய உறுமலில் அவனே திரும்பி மாமனாரைப் பார்த்தான். எடை வண்டியை இழுத்துக்கொண்டு டிராக்டர் பாய, மஞ்சள் கொடி விறுவிறுவென்று நெருங்கியது. ஐயையோ, தாண்டிவிடுவோமோ? பதறிப்போய் த்ராட்டிலை இறக்கி வேகத்தைக் குறைத்தான்.

கொடியைத் தொட ஆறடி இருக்கும்போது வண்டி நின்றது. போன உயிர் திரும்பி வந்தது.

"பாஸ்டர் வண்டியைக் கொண்டாங்க!" ஆரின் ஸ்பானரோடு நடந்தார்.

லோவல் குதித்திறங்கி ஓடினான். "வாழ்த்துகள், பாஸ்டர்!"

பாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. அவன் காதருகே குனிந்தார்.

"அடப்பாவி, ரெண்டாவது இடம் என்னோடதுடா!"