அடுப்பில் விழுந்த மீன் முள்

"ஐயையோ! அடுப்பு போச்சே!"

கிருஷ்ணவேணி போட்ட கூச்சல் விழுப்புரம் ஜங்ஷன் வரைக்கும் கேட்டிருக்கும். கொல்லையைக் கூட்டிக்கொண்டிருந்த வேலைக்காரி குப்பம்மாள், துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

கொல்லைப்புறத்துச் சமையல் மேடையில், செங்கல் அடுப்போடு சேர்த்துப் பதித்த இரும்புக் கம்பித் தட்டின் மேல் ஒரு மீன் முள் கிடந்தது.

"காக்கா போட்டுட்டுப் போயிருக்குங்க!" என்று புருஷனிடம் அழாத குறையாகச் சொன்னாள் கிருஷ்ணவேணி. "முட்டைகூட நுழையாத வீட்டுல மீனு!"

கூட்ஸ் கிளார்க் சீனுவாசன் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். "கழுவிட்டா போச்சு. திண்டிவனத்துல சொல்லிச் செஞ்ச கம்பி. ஒவ்வொண்ணும் விரல் தடி!"

"இதை மாத்தற வரைக்கும் இந்த வீட்டுல உலை வைக்க மாட்டேன்."

குப்பம்மாளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஒரு முள்ளுக்கே இந்த ஆட்டமா? மீன் தின்னுகிற கைதானே தினமும் இந்தக் கொல்லையைக் கூட்டுகிறது!

அவளுக்கு வயிற்றெரிச்சல் வேறு. சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் சோளக்கதிர் சுட்டு விற்பாள். அவளுடைய கம்பி வலை தீய்ந்து ஓட்டையாகி, கதிரெல்லாம் நெருப்பில் விழுந்து கருகியது. பத்து நாளாக வியாபாரம் படுத்துவிட்டது. புருஷனும் படுக்கையில். "பழைய கம்பி நாலு இருந்தா குடுங்கய்யா" என்று போன வாரம் கிருஷ்ணவேணி எதிரிலேயே கேட்டதற்கு, "இது என்ன தர்ம சத்திரமா?" என்று விரட்டியவர்தான் இந்தச் சீனுவாசன்.

சோற்றுக்கு வழியில்லாமல் மத்தியானமே இறங்கி வந்தார் அவர். கொத்தனார் சின்னக்கண்ணு வந்து, புதுத் தட்டைப் பதிக்கப் பழையதைப் பெயர்த்தெடுத்தார்.

"பழைய இரும்புக் கடையில போட்டுடறேன்" என்றார் சீனுவாசன்.

"தீட்டுச் சாமான் வித்த காசு வீட்டுக்குள்ள வரலாமாங்க? குப்பம்மா, நீயே தூக்கிக்கினு போ. இது இனிமே எங்கண்ணுல படக்கூடாது!"

உங்களுக்கு ஆகாதது எனக்கு ஆகுமா என்று கேட்கக் குப்பம்மாளுக்கு நாக்கு துடித்தது. வீட்டு நினைப்பு வாயை அடைத்தது. கம்பித் தட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

அன்று சாயங்காலமே ஸ்டேஷன் வாசலில் செங்கல் அடுக்கி, மண் பூசித் தட்டைப் பதித்தாள். ஒரே வரிசையில் பதினைந்து கதிர்! ஒன்றுகூடக் கருகவில்லை. பாண்டிச்சேரி பாசஞ்சர் வந்து நின்றதும் கூட்டம் மொய்த்தது.

"எனக்கு ரெண்டு!"

"ஜல்தியாக் குடும்மா, வண்டி கிளம்பிடும்!"

பொழுது சாய்வதற்குள் கூடை காலி. குப்பம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் காலையில் பட்ட சூடு மட்டும் ஆறவில்லை. பக்கத்தில் மீன் விற்கிற அஞ்சம்மாளிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ஒரு காக்கா முள்ளைப் போட்டுச்சாம். அதுக்கு அந்தம்மா என்னா ஆட்டம் ஆடிச்சு தெரியுமா? நம்மளையெல்லாம் மனுசங்களாவே நினைக்கலக்கா!"

அஞ்சம்மாள் திருதிருவென்று விழித்தாள்.

"காக்காவா? அடியே, காலையில அந்தம்மாதான் மூக்கைப் பொத்திக்கினு என் கூடைகிட்ட வந்து, 'ஒரே ஒரு மீன் முள்ளு குடு'ன்னு இலையில மடிச்சு வாங்கிக்கினு போச்சு!"