சிவந்த கண்ணுக்கு அனுமதி இல்லை

“மேல பாருங்க. இப்பக் கீழ பாருங்க. ம்... போகலாம்.”

பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த காக்கிச் சட்டைக்காரர், ஒருவரின் கீழ் இமையைக் கட்டை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே அனுப்பினார். விரலைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டார். சுத்தக்காரர்.

அந்த வருஷம் பாண்டிச்சேரியில் பாதிப் பேருக்கு மெட்ராஸ் ஐ. ‘கண் சிவந்தவர்கள் உள்ளே வரக் கூடாது’ என்று சாரம் பகுதியிலிருந்த அந்த ஆஸ்பத்திரிக் கதவிலும் எழுதி ஒட்டிவிட்டார்கள். அதற்குக் கீழே ஒரு காக்கிச் சட்டையும் முக்காலியும் இருந்தால் நம் ஜனங்களுக்கு வேறென்ன வேண்டும்? யாரும் சொல்லாமலே வரிசை கட்டி நின்றார்கள்.

வரிசையில் நின்ற லாரி டிரைவர் கன்னியப்பன் எட்டி எட்டி உள்ளே பார்த்தான். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த முதல் பிள்ளை உள்ளே இருந்தது. அது பிறந்தபோது அவன் சோலாப்பூரில் லோடு இறக்கிக்கொண்டிருந்தான். இன்னும் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தூங்காமல் வண்டி ஓட்டி வந்ததில் கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன.

அவனுக்கு முன்னால் நின்ற சின்னப்பொண்ணு தூக்குச்சட்டியை நீட்டினாள். “எனக்கு நேரமாவுதுய்யா. இந்தக் கஞ்சிய மட்டும் உள்ள என் தங்கச்சிகிட்ட குடுத்துடு.”

“நான் வாசப்படி தாண்டக் கூடாதும்மா. ரூலுன்னா எனக்கும்தான் ரூலு. கண்ணக் காட்டு.”

அவள் முணுமுணுத்தபடி காட்டிவிட்டு உள்ளே போனாள். அடுத்து கன்னியப்பன்.

“அண்ணே, இது தூக்கமில்லாத கண்ணுண்ணே. சத்தியமா அது இல்ல.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.” காக்கிச் சட்டைக்காரர் அவனுடைய இரண்டு இமைகளையும் இழுத்து, சாவகாசமாகப் பார்த்தார்.

“நீங்க மட்டும் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கீங்களேண்ணே?”

“காலையிலேர்ந்து அடுத்தவன் கண்ணையே பாக்கறேன். வெறுங்கண்ணோட பாத்தா என்னாவறது?”

பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று ஊரே நம்பிய வியாதி அது.

“இது தூக்கங்கெட்ட செவப்புதான். அந்தச் செவப்பு எனக்குத் தெரியாதா? போ, போயி புள்ளயப் பாரு.”

கன்னியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கிவிட்டு உள்ளே ஓடினான்.

வார்டு வாசலில் நர்ஸ் அஞ்சலாட்சி மறித்தாள். அவளுக்குப் பின்னால், கட்டிலில் எழுந்து உட்கார்ந்த அவன் மனைவி தனக்கொடி துணிச்சுருளைத் தூக்கிக் காட்டினாள். ஒரு குட்டிக் கால் மட்டும் தெரிந்தது.

“நில்லுய்யா. கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு?”

“தூக்கமில்ல சிஸ்டர். வாசல்ல உங்க ஆளே எமைய இழுத்துப் பாத்து பாஸ் பண்ணிட்டாரு.”

“எங்க ஆளா? வாசல்ல எங்களுக்கு ஆளே கெடையாதே.”

கன்னியப்பன் பெருமையாக ஜன்னல் வழியே கை காட்டினான். வெளியே காக்கிச் சட்டைக்காரர் கண்ணாடியைத் தூக்கி, அதே துண்டால் தன் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார்.

அஞ்சலாட்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

“அவரு மில்லு வாட்ச்மேன் பக்கிரிய்யா! பேத்தியப் பாக்க வந்தாரு. மெட்ராஸ் ஐயோட உள்ள வராதீங்கன்னு நான்தான் வெளிய உக்கார வச்சேன்!”

கன்னியப்பனின் கை தானாகக் கண்ணுக்குப் போனது.

“தொடாத! நீயும் போயி அவரு பக்கத்துல உக்காரு.”