இந்த வீட்டில் கடவுள் இல்லை

"இந்த வீட்டில கடவுள் இல்லை."

சாப்பாட்டு மேசையில், செபம் சொல்லக் கைகூப்பிய நேரத்தில் யூலியா இப்படிச் சொன்னாள். தாயைப் பார்த்தல்ல. யன்னலைப் பார்த்து, உரத்து.

அருள்நாயகி கூப்பிய கையை இறக்கினாள். 2007 மார்கழி. நோர்வேயின் ஹொல்ம்லியாவில் பின்னேரம் நாலு மணிக்கே கும்மிருட்டு. யன்னல் கண்ணாடியில் அவர்கள் மூன்று பேரின் முகங்கள்தான் தெரிந்தன.

"ஆருக்குப் பிள்ளை சொல்லுறாய்?"

எட்டு வயது மகள் கதிரையை விட்டு எழும்பினாள். தட்டிலிருந்த புட்டில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

எல்லாம் தியேட்டரில் ஓடும் அந்தச் சிறுவர் படத்தால் வந்த வினை. கடவுளுக்கு எதிரான படமாம். "பிள்ளையளை அந்தப் பக்கமே விடாதேங்கோ" என்று தமிழ்ப் பூசைக்கு வருகிற பெற்றோருக்கெல்லாம் போன் அடித்தவளே மறைக்கல்வி ரீச்சர் அருள்நாயகிதான். அவள் படத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலே திட்டுவதில் அவளுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

கடைசியில் அவள் மகளே, வகுப்புத் தோழியின் பிறந்தநாளுக்குப் போன இடத்தில் அதைப் பார்த்துவிட்டு வந்து நின்றாள். "அதைப் பற்றி இந்த வீட்டில மூச்சு விடப்படாது" என்று அன்றைக்கே பிள்ளையின் வாயை அடைத்தாயிற்று.

"என்ன பார்த்தவள் எண்டு ஒருக்காக் கேட்டிருக்கலாம்" என்றார் கணவர் சவிரிமுத்து.

"கேட்டு? வாற வைகாசி கோயில்ல முதல் நற்கருணை வாங்கி, புதுநன்மை எடுக்கப்போற பிள்ளை. கடவுள் இல்லையெண்டு சொல்லுறவளை என்னெண்டு ஃபாதரிட்டைக் கூட்டிக்கொண்டு போறது?"

அருள்நாயகி சிலுவை அடையாளம் போட்டாள். சுவரைப் பார்த்தாள். அங்கே மாட்டியிருந்த யேசுவின் திருஇருதயப் படத்தைக் காணவில்லை. வெறும் ஆணி.

யூலியாவின் அறைக்குள் கிசுகிசுப்புக் கேட்டது. அருள்நாயகி கதவில் காதை வைத்தாள்.

"பசிக்குதோ? சத்தம் போடாதேங்கோ."

பிறகு, யாரோ பதில் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல நீண்ட மௌனம்.

செபமாலையை இறுக்கிப் பிடித்தபடி கதவைத் தள்ளினாள். அறையில் வெளிச்சமில்லை. மகள் அலுமாரிக் கதவில் முதுகை அழுத்திக்கொண்டு நின்றாள்.

"தள்ளு. உள்ளுக்கை ஆர்?"

"ஒருத்தரும் இல்லை."

மகளை விலக்கிவிட்டுத் திறந்தாள். குளிர் உடுப்புகளுக்கு அடியில், கழுத்துவரை போர்வை போர்த்தியபடி யேசுவின் படம். பக்கத்தில் ஒரு பிடி புட்டு.

"சாத்துங்கோ அம்மா." யூலியா அலுமாரிக் கதவைப் பிடித்து இழுத்தாள். "அந்தத் தியேட்டர் படத்தில அவரைக் கொல்லுறதுக்கு வீடு வீடாத் தேடித் திரியினம்."

"அதுக்கு… கடவுளே இல்லையெண்டு சொல்லலாமே, பிள்ளை?"

"நீங்களும் முன்னம் ஊரில மாமாவை நெல்லு மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வைச்சிட்டு, ஆமி வந்து கேக்கேக்கை இஞ்சை ஒருத்தரும் இல்லையெண்டுதானே சொன்னனீங்கள்?"