பச்சையாகத் தெரிந்த கப்பல்

அந்தக் காலத்துத் தோணிக்காரர் ஒருவர் மாதா கோயிலுக்குக் கொடுத்த நேர்ச்சைக் கப்பலைத் திருவிழாவில் தூக்குவது எப்போதும் சவரியான் குடும்பம்தான். பொம்மைக் கப்பல் பச்சை, அவன் பூட்டன் ஓட்டியதும் பச்சைத் தோணி; அதனால் கொடுத்தவர் அவரே என்று பேச்சு. நீலத் தோணிக்காரர் வழிவந்த பிலோமினாவிடம் இப்போது அந்தக் கப்பல் பழுதுபார்க்க வந்திருந்தது.

“மைனி, ஓட்டை போட்டுராதீய” என்று காவலுக்கு உட்கார்ந்திருந்த சவரியான் சிரித்தான்.

அவள் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் மெல்லத் துடைத்தாள். தேயிலைச் சாயமாய் இறங்கியது பழைய வார்னிஷ். அடியில் பளீரென்று நீலம்.

“பாத்தீயளா, மஞ்சளேறின வார்னிஷ்தான் நீலத்தப் பச்சையாக் காட்டியிருக்கு.”

“ஒரு பக்கந்தானே மைனி.”

பஞ்சைப் பிடுங்கி அவன் மறுபக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினான். அவன் நன்றாகப் பார்க்கட்டும் என்று பிலோமினா எழுந்துபோய் வெளிச்சத்துக்குச் சன்னலை அகலத் திறந்துவிட்டாள்.